பன்னிரண்டைத் தாண்டாத தேதிகள்

அத்தியாயம் 6

"சார், அந்தத் தாளை நீங்க மொறைச்சிக்கினே இருந்தா, அது பயந்துபோய் உண்மையக் கக்கிடுமா?" என்று கேட்டாள் செங்கொடி.

கிருஷ்ணப்பன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனார். இருபத்தாறு வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் ஐஸ் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிய மனிதர் அவர். வருகிற கேஸ்களில் பாதி மாப்பிள்ளை விசாரணை, மீதி திருட்டுப்போன பைக். செங்கொடி வியாசர்பாடிக்காரி. டைப்பிங், கம்ப்யூட்டர், வாய், மூன்றுமே வேகம். ஒன்றரை வருஷமாக அவருக்கு உதவியாளர். சம்பளம் மட்டும்தான் அங்கே நிதானமாக வரும்.

மேஜைக்கு எதிரே பெர்சிஸ் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒரு துணிப்பை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் கணவன் விட்டுப்போன கயிற்றுக் கடையைத் தனியாளாக நடத்துகிறவள்.

"நாளைக்குக் காலையில எழுத்து வெட்டிருவாங்க சார்," என்றாள். "மூலக்கொத்தளத்துல திருமலைன்னு கல்தச்சர். அவர்ட்ட போய்ப் பாத்துட்டுதான் வாரேன். வியாபாரிகள் சங்கத்துப் புதுக் கட்டடத்துல பதிக்கப்போற கல்லு. இதுவரை இருந்த தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லார் பேரும் இருக்கு. ஒம்பது வருஷம் பொருளாளரா இருந்த எங்க வீட்டுக்காரர் பேரு மட்டும் இல்ல. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. கல்லுல ஒரு தடவை வெட்டிட்டா பொறவு யாரு சேப்பா?"

அவள் சொன்ன கதை இவ்வளவுதான். 2004-ஆம் வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சங்க உறுப்பினர் இன்னாசிக்கு நெஞ்சில் ஆபரேஷன். பொருளாளராக இருந்த அவள் கணவர் ஜோபின் சங்கத்தின் நல நிதியிலிருந்து அறுபதாயிரம் ரூபாயை வங்கியில் எடுத்தார், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டினார். இன்னாசி பிழைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் சுயம்பு ஒரு தாளை எல்லார் முன்னிலையிலும் நீட்டினார். வங்கிக் கணக்கு. இப்போது கிருஷ்ணப்பன் கையில் இருப்பது அந்தத் தாள்தான். அதில் அந்த அறுபதாயிரம் எடுக்கப்பட்ட தேதி பிப்ரவரி எட்டு. ஆறு மாசம் சங்கத்துப் பணத்தை ஜோபின் தன் கடையில் போட்டுப் புரட்டியிருக்கிறார் என்று கூட்டத்தில் நாலு பேர் எழுந்து சொன்னார்கள். அந்த பிப்ரவரியில்தான் ஜோபின் கடைக்குப் புதுசாக ஷட்டர் போட்டிருந்தார்.

"பேங்க்ல எழுதிக் குடுத்தாவ, சரியான கணக்கு வேணும்னு. திங்கக்கிழமை வாங்கன்னாங்க. சனிக்கிழமை கடையில கயித்தைச் சுத்திக்கிட்டு இருந்தவிய அப்படியே சாஞ்சுட்டாவ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அழவில்லை அவள். ஒன்றே முக்கால் வருஷத்தில் அழுகை வற்றிப்போயிருக்க வேண்டும். செங்கொடிக்குத்தான் அழுகை வந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வாயைத் திறப்பது.

"கவலப்படாதக்கா. எங்க சார் பாக்கத்தான் தூங்குமூஞ்சி. உள்ளுக்குள்ள முழிச்சிக்கினுதான் இருப்பாரு."

தூங்குமூஞ்சி எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளே வருஷவாரியாக வங்கி டைரிகள். வேலையை விட்ட பிறகும் பழைய சிநேகிதர்களிடம் கெஞ்சி வாங்கி வைத்தவை. 2004-ஐ உருவிப் பக்கம் புரட்டினார்.

"செங்கொடி, 2004 பிப்ரவரி எட்டு என்ன கிழமை தெரியுமா?"

"நீங்களே சொல்லிடுங்க சார்."

"ஞாயிறு."

செங்கொடி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "ஞாய்த்துக்கெயம கவுன்ட்டர தொறந்து காசு குடுத்தா அது பேங்க்கு இல்ல சார், காசிமேட்டு மீன் மார்க்கெட்டு!"

"அப்போ இந்தத் தாள் பொய் சொல்லுது," என்றார் கிருஷ்ணப்பன். "யாரு சொல்லவெச்சான்னு பார்ப்போம். அம்மா, நீங்க கடைக்குப் போங்க. இருட்டறதுக்குள்ள வந்து சொல்றேன்."

பெர்சிஸ் வாசல் வரை போய்த் திரும்பினாள். "சுயம்பு அண்ணாச்சி பொய்யெழுதுத ஆளு இல்ல சார். ஆனா கூட்டத்துல கேட்டது அவியதான்." எந்தப் பக்கம் நம்புவது என்று அவளுக்கே தெரியவில்லை.

கிருஷ்ணப்பனின் ஸ்கூட்டர் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து போனது. பின்னால் உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்ட செங்கொடி, திருவொற்றியூர் வருவதற்குள் கேஸை முடித்துவிட்டாள்.

"நல்லா கேட்டுக்கோ சார். சுயம்புதான் ஆளு. சங்கத்துல இவருக்கு இன்னாவோ வேற பேஜாரு கீது. ஜோபின் கணக்கு கேட்ருப்பாரு. வுட்டா மாட்டிப்போம்னு இவரே தேதிய மாத்தி அடிச்சி அவரு தலைல கட்டிட்டாரு. சினிமா மாதிரி."

"அப்படின்னா ஞாயித்துக்கிழமையா பாத்தா மாத்துவாரு? முப்பது வருஷ வியாபாரி. பேங்க் எப்போ லீவுன்னு அவருக்குத் தெரியாதா?"

"அவசரத்துல அண்டாவுல கூட கை நுழையாது சார்."

கிருஷ்ணப்பன் சிரித்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்ததில் அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

சுயம்புவின் மண்டிக்குள் நுழைந்ததுமே இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள். கூரை வரைக்கும் மிளகாய் மூட்டை. கல்லாவில் வெள்ளைச் சட்டை, திருநீறு, அறுபது வயது. பெர்சிஸ் பெயரைச் சொன்னதும் அந்த முகம் இறுகியது.

"முடிஞ்சுபோன விசயம்லா? செத்தவனை எதுக்குத் தோண்டுதீய?"

"செத்தவரை நான் தோண்டல அண்ணாச்சி. இந்தத் தாளைத் தோண்டறேன். இதை யார் செஞ்சது?"

"பேங்க்காரன்தான்."

"பேங்க்காரன் கட்டத்துக்குப் பச்சைக் கலர் அடிச்சு, தலைப்புக்கு டபுள் கோடு போட்டுத் தரமாட்டான். இருபத்தாறு வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினேன்."

சுயம்பு தயங்கினார். பிறகு உட்காரச் சொன்னார். டீ சொல்லி அனுப்பினார்.

"அன்னிக்கு பேங்க்ல பிரிண்டர் ரிப்பேர். ஒரு வருசக் கணக்கை ஃப்ளாப்பியில போட்டுக் குடுத்துட்டாங்க. எம் மவன் கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்தா எழுத்தும் நம்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. வரியும் புரியல, கணக்கும் புரியல. அதான் இதை எக்செல்ல மாத்தி, கட்டம் போட்டு, தேதி வரிசையா அடுக்கிக் குடுங்கன்னு வெளிய ஒரு சென்டருக்கு ஆள்ட்ட குடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்துல வந்துச்சு. இருவது ரூவா. நான் ஒரு எழுத்துகூட மாத்தல. எங்க குலசாமி மேல சத்தியமா."

கிருஷ்ணப்பன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் பொய் சொல்கிறானா என்று பார்த்தே வயசான கண்கள். தலையை ஆட்டிக்கொண்டார்.

"நம்பறேன். செங்கொடி, இந்தத் தாள்ல மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரியா இருக்கு?"

செங்கொடி வாங்கிப் பார்த்தாள். அறுபதாயிரம் இருந்த வரியைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். இத்தனை நாள் பார்த்த எல்லாருடைய கண்ணும் அந்த வட்டத்துக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அவளுடையதும்தான்.

"மேல இருக்கற தேதில மாசம் எழுத்துல கீது சார், பிப்ரவரி, மார்ச்சுன்னு. வலதுபக்கம் ஒட்டிக்கினு கீது. கீழ இருக்கறது வெறும் நம்பர், நடுவுல சாய்கோடு. அது இடதுபக்கம்."

"மேல இருக்கற நாளை மட்டும் படி. மாசம் வேணாம்."

"அஞ்சு, மூணு, எட்டு, பதினொண்ணு, ஏழு, பன்னெண்டு, ரெண்டு, நாலு..." படித்துக்கொண்டே போனவளுடைய குரல் மெதுவானது. "சார், பன்னெண்டுக்கு மேல ஒண்ணுகூட இல்ல சார்!"

"கீழே?"

"பதிமூணு, இருவத்தாறு, முப்பது... எல்லாமே பன்னெண்டத் தாண்டினது."

"மாசத்துல பதினெட்டு நாளைக்கு மேல்பாதியில இடமில்லை. ஏன்?"

செங்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அடுத்த நிமிஷம் மிளகாய் மூட்டை மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"புட்ச்சிட்டேன் சார்! கம்ப்யூட்டர் வாங்கனப்போ எப்டி வந்துச்சோ அப்டியே வெச்சிக்கினு இருந்தா, அது அமெரிக்காக்காரன் மாதிரிதான் தேதி படிக்கும். அவன் மாசத்த மொதல்ல போடுவான், நாள அப்பால போடுவான். பேங்க்கு ரெண்டு, சாய்கோடு, எட்டுன்னு எழுதிருக்கும். நமக்கு அது ஆகஸ்ட் ரெண்டு. அதுக்கு அது பிப்ரவரி எட்டு! அதே பதிமூணாந்தேதி வந்தா, பதிமூணாவது மாசம் எங்க போய்த் தேடும்? புரியாம அப்டியே வுட்டுடும். அதான் கீழ்பாதி."

"ஆக, பன்னெண்டாம் தேதிக்குள்ள நடந்ததெல்லாம்?"

"தலைகீழா பூட்ச்சி சார். ஒண்ணுவுடாம அத்தினியும்." கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை. "எந்த அரகொற சார் இத்த செஞ்சது? பாதி தேதி ஒரு மாதிரி, பாதி தேதி வேற மாதிரி வந்து நிக்குது, அப்பகூட சந்தேகம் வராது? கண்ண இன்னா பொடனிலயா வெச்சிக்கினு இருந்துச்சு? இருவது ரூவாய்க்கு ஒரு ஆளயே காலி பண்ணிட்டாங்களே!"

சுயம்புவுக்கு விஷயம் மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஏறியதும் அவளிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"மத்த வரியெல்லாம் ஜோபின் எழுதின புஸ்தகத்தோட ஒத்துப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"இல்ல. பெரிய தொகை அது ஒண்ணுதான். அதை மட்டும்தான் பாத்தோம்."

"எல்லாத்தையும் பாத்திருந்தா எல்லாமே தப்பா வந்திருக்கும். அப்போ தப்பு ஆள் மேல இல்ல, தாள் மேலன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். சரி, அந்த ஃப்ளாப்பி இருக்கா?"

வியாபாரி எதையும் எறிவதில்லை. சுயம்பு இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த ஒரு கவரிலிருந்து கறுப்பு ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினார். செங்கொடி ஆவலாகக் கை நீட்டி வாங்கினாள்.

லேபிளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. 'வியாபாரிகள் சங்கம், பேங்க் கணக்கு, எக்செல்.' குண்டு குண்டான எழுத்து. கடைசியில் ஒரு குட்டி நட்சத்திரம்.

"எந்த சென்டர் அண்ணாச்சி?" கிருஷ்ணப்பன் கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது அவளுக்கு.

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. இப்போ அது செல்போன் கடை. ஒரு பொண்ணு இருக்கும், நல்லா சுறுசுறுப்பா செய்யும்னு சொல்லுவாங்க."

கிருஷ்ணப்பனிடம் வேலைக்கு வருவதற்கு முன் செங்கொடி பத்து மாசம் இருந்த இடம் அது. முடித்த வேலைக்கெல்லாம் நட்சத்திரம் போடுவது அவள் பழக்கம். இன்றைக்கும் ஆபீஸ் ஃபைல்களில் போடுகிறாள். கட்டத்துக்குப் பச்சை அடிப்பதைத் திருவொற்றியூரில் எல்லா சென்டரிலும்தான் செய்தார்கள். அதனால் தாளைப் பார்த்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது அந்த மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்தது. மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் ஃப்ளாப்பியோடு நின்றார். பின்னால் வரிசையில் ஆறேழு பேர். மாசத்தை எண்ணில் போட்டால் அண்ணாச்சிங்க குழம்புவார்கள், மாசம் பெயரோடு இருந்தால் சுலபமாகப் படிப்பார்கள் என்று அவளேதான் தேதியை அழகாக மாற்றினாள். பாதி மாறவில்லை. "மீதி அப்டித்தான் வரும் நைனா, எடுத்துக்கினு போ," என்று சொல்லி இருபது ரூபாயை வாங்கி டிராயரில் போட்டாள். நல்லதுதான் செய்தோம் என்ற நினைப்பு வேறு.

கிருஷ்ணப்பன் லேபிளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அந்தக் கையெழுத்தைப் பார்க்கிறவர்.

"மெஷின்ல போட்டுப் பார்ப்போம்," என்று மட்டும் சொன்னார்.

சுயம்புவின் மகனுடைய கம்ப்யூட்டரில் செங்கொடிதான் ஃப்ளாப்பியைச் செருகினாள். விரல்கள் தாமாக வேலை செய்தன. வங்கி கொடுத்த மூல ஃபைல் எந்த அழகும் இல்லாமல் திரையில் வந்தது. முப்பது ஜூலைக்குக் கீழே, ஐந்து ஆகஸ்டுக்கு மேலே, 02/08/2004. இன்னாசிக்காக எடுத்த அறுபதாயிரம். மேல் வரியின் மீதியிலிருந்து அறுபதாயிரம் கழிந்து, அடுத்த வரி சுத்தமாக ஓடியது.

சுயம்பு திரைக்கு முன்னால் நின்றபடியே இருந்தார். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "சபை நடுவுல வெச்சுக் கேட்டேனே," என்றார். "எம் பக்கத்து நாற்காலியில ஒம்பது வருசம் உக்காந்தவன். தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லா? ஐயோ, பாவி நான்." பெரிய மனிதர் அழுதால் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். வேலையாட்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

அழுது முடித்ததும் போனை எடுத்தார். "திருமலையா? சுயம்பு பேசுதேன். இன்னும் உளி வைக்கலையே? பொருளாளர் வரிசையில ஒரு பேரு சேக்கணும். ஜோபின். வருசத்தையும் போடு. இடம் இல்லேன்னா எம் பேரை எடுத்துட்டுப் போடு."

கேஸ் முடிந்தது. துப்பறிவாளர் ஜெயித்தார், செத்தவர் பெயர் கல்லில் ஏறியது. இந்த இடத்தில் உதவியாளர் ஒரு ஜோக் அடிக்க வேண்டும். செங்கொடி மண்டிக்கு வெளியே வந்து, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணப்பன் வந்து பக்கத்தில் நின்றார். "செங்கொடி, எந்த சென்டர்னு அந்த அம்மா கேக்கமாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. நான் சொல்லப்போறதில்ல."

"நான் சொல்றேன் சார்."

"சொன்னா அவங்களுக்கு ஆறுதலா இருக்குமா, உனக்கா?"

"தெர்ல சார். ஆனா, எந்த அரகொற செஞ்சதுன்னு அவ்ளோ பேசினேனே. பேசின வாயால அத்தயும் சொல்லிட்றேன். இல்லாகாட்டி அந்தம்மா மூஞ்சியப் பாக்க முடியாது."

ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குள் நடந்தார்கள்.

கயிற்றுக் கடையில் பெர்சிஸ் ஒரு வாடிக்கையாளருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தாள். அவர் போகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பெயர் சேர்ந்துவிட்டது என்று கிருஷ்ணப்பன் சொன்னதும், பெர்சிஸ் கையிலிருந்த அளவுகோலை மேஜை மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபம் செய்தாள். அதன் பிறகுதான் செங்கொடி வாயைத் திறந்தாள். தேதி எப்படிப் புரண்டது, எந்த சென்டர், லேபிளில் யார் எழுத்து, எதையும் விடாமல் சொன்னாள். வழக்கமாக வெடிக்கும் வாய், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"நான்தான்க்கா செஞ்சேன். இருவது ரூவா வாங்கினேன். இன்னா வேணா சொல்லு, வாங்கிக்கினு போறேன். அடிச்சாலும் சரி."

பெர்சிஸ் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு பிள்ளே," என்றாள். செங்கொடி உட்காரவில்லை.

"நீ அவியளைப் பாத்ததே கிடையாது," என்றாள் பெர்சிஸ். "நான் இருபத்திரண்டு வருசம் கூட இருந்தவ. கூட்டம் முடிஞ்சு அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டாந்தாவ. சோத்தைப் போட்டுட்டு நானும் கேட்டேன். உண்மையச் சொல்லுங்க, எடுத்தீயளான்னு."

கடைக்கு வெளியே ஒரு மூட்டை வண்டி போயிற்று.

"இன்னாக்கா சொன்னாரு?" செங்கொடியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தட்டைத் தள்ளி வெச்சுட்டு அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு சொன்னாவ, 'கம்ப்யூட்டர்ல அப்படித்தானே வந்திருக்கு பெர்சிஸ். ஒருவேள நான்தான் எடுத்துட்டு மறந்துட்டேனோ என்னவோ.'"